பட்டதாரி மருமகளும் அடுப்பங்கரையும்

"அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு?" என்று நமது நாட்டார் வெகு காலம் கேட்டு வந்தார்கள். இப்போது அப்படி வாய்விட்டுக் கேட்பவர்கள் இல்லை. அதற்குப் பதிலாக, "என்னதான் படித்தாலும் பெண்ணுக்கு அடுப்பு வேலை தெரிய வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். முன்பு கேட்டவர்கள் படிப்பைத் தடுத்தார்கள். இப்போது கேட்பவர்கள் படிப்பைத் தடுக்கவில்லை. படிப்பினால் வருகிற சம்பளத்தையும் பெருமையையும் வாங்கி வைத்துக்கொண்டு, அடுப்பையும் அவள் பொறுப்பிலேயே விட்டுவிட்டார்கள். இவ்விரு கூட்டத்தாரில் யார் கெட்டிக்காரர்கள் என்று கேட்டால் பின்னவர்களைத்தான் சொல்ல வேண்டும். அடுப்பு காஸ் அடுப்பாகி ஊதுகிற வேலைகூட ஒழிந்துவிட்டது. அதன் முன்னால் நிற்கிற ஆள் மாத்திரம் மாறவில்லை.

திண்டுக்கல் டவுனிலும், வேடசந்தூர், நிலக்கோட்டை, ஆத்தூர், ஒட்டன்சத்திரம் முதலிய சுற்றுப்புறங்களிலும் இந்நாளில் கலியாணப் பேச்சு நடக்கும் மாதிரியைக் கவனித்தால் நாம் சொல்வது விளங்கும். பெண் என்ன படித்திருக்கிறாள் என்பதுதான் முதற் கேள்வி. பத்தாவதோடு நின்றுவிட்டு கமிஷன் மண்டியில் கணக்கெழுதும் பையனுக்குக்கூட டிகிரிப் பெண் வேண்டியிருக்கிறது. கிடைக்கவும் செய்கிறது. தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரையில் உள்ளவர்களுக்கு 100-க்கு 47 பேர் வீதம் காலேஜ் படிப்பில் சேர்ந்திருப்பதாக 2021-22ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் கணக்குச் சொல்லுகிறது. இந்தியா முழுமைக்குமான கணக்கு 28-தான். இந்த 47-ல் பெண்கள் ஆண்களுக்கு ஒரு இம்மியும் குறைந்தவர்களாக இல்லை. திண்டுக்கல் எம்.வி. முத்தையா சர்க்கார் பெண்கள் காலேஜ் வாசலில் ஒரு நாள் காலையில் நின்று பார்த்தால், எந்தெந்தக் கிராமத்துப் பெண்களெல்லாம் பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள் என்று தெரியும். அவர்களில் அனேகருடைய பாட்டிகளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இது சாதாரணமாக நடந்த காரியமல்ல என்பதை நாம் மறைக்கவில்லை.

ஆனால், படிப்பு ஏறிய அளவுக்குக் குடும்பம் மாறிற்றா என்பதே நமது கேள்வி.

பெண் பார்க்க வந்த இடத்தில் பேச்சு எப்படி நடக்கிறது? "பொண்ணு எம்.ஏ. இரண்டாவது வருஷம் படிக்குது சம்பந்தி, இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி" என்று பெண்ணைப் பெற்றவர் கையைப் பிசைந்துகொண்டு சொல்லுகிறார். "அதனாலென்ன, எங்க மக மாதிரி நாங்க படிக்க வைக்கிறோம், தாராளமாகப் படிக்கட்டும்" என்று பிள்ளையைப் பெற்றவர் வெற்றிலைத் தட்டின்மேல் கை வைத்துச் சொல்லுகிறார். கலியாணம் முடிந்து மூன்றாம் மாதத்தில் மாமியாருக்கு மூட்டு வலி வருகிறது. ஐந்தாம் மாதத்தில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள். பரீட்சை வருகிற சமயத்தில் நாத்தனாருக்கு வளைகாப்பு வருகிறது. படிக்க வேண்டாம் என்று அந்த வீட்டில் ஒருவரும் சொல்லவேயில்லை. ஒருவரும் சொல்லாமலே படிப்பு நின்றுவிடுகிறது. அதே வீட்டில் அவள் புருஷன் வங்கிப் பரீட்சைக்கோ சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்கோ படிப்பதாக வைத்துக் கொள்வோம். அவன் படிக்கிற அறைப் பக்கம் டி.வி. சத்தம் கேட்கக் கூடாது. மணிக்கொரு தரம் காபி போகும். வளைகாப்பு, காதுகுத்து எதற்கும் அவன் வரவேண்டியதில்லை. வீடு ஒன்றுதான், பரீட்சையும் பரீட்சைதான். ஒருவனுக்கு வீடே பள்ளிக்கூடமாகிறது, ஒருத்திக்கு வீடே பரீட்சைக்கு இடைஞ்சலாகிறது.

இது பேச்சுக்காகச் சொல்லுவதல்ல. மத்திய சர்க்காரார் 2019-ல் நாடு முழுவதும் யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். வீட்டிலுள்ளவர்களுக்காகக் கூலியில்லாமல் செய்கிற சமையல், துணி, பாத்திரம் முதலிய வேலைகளில் ஏதாவதொன்றைச் செய்த பெண்கள் 100-க்கு 81 பேர். ஆண்கள் 100-க்கு 26 பேர். செய்தவர்களிலும், பெண்ணுக்கு நாளொன்றுக்கு 299 நிமிஷம். ஆணுக்கு 97 நிமிஷம். ஐந்து வருஷம் கழித்து 2024-ல் மறுபடியும் எடுத்தார்கள். பெண்ணுக்கு 10 நிமிஷம் குறைந்து 289 ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷத்தை ஆண்தான் ஏற்றுக்கொண்டிருப்பான் என்று நினைப்பீர்கள். இல்லை, அவனுக்கும் 9 நிமிஷம் குறைந்து 88 ஆயிற்று! மிக்ஸியும் துணி துவைக்கும் இயந்திரமும் மிச்சப்படுத்திக் கொடுத்ததில்கூட ஆண்பிள்ளை தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டான் போலும்.

இதைக் கொஞ்சம் பெருக்கிப் பார்ப்போம். 2024-ஆம் வருஷத்துக் கணக்குப்படி வித்தியாசம் நாளொன்றுக்கு 201 நிமிஷம். வருஷத்திற்கு 1,220 மணி நேரத்திற்குமேல் ஆகிறது. எட்டு மணி வேலையை ஒரு நாள் என்று வைத்தால் 150 நாளுக்கு அதிகம். அதாவது புருஷனும் பெண்ஜாதியும் ஒரே மாதிரி வெளிவேலை பார்க்கும் குடும்பத்தில், பெண்ஜாதி வருஷத்தில் 150 நாள் கூடுதல் வேலை செய்து, பின்பு இரண்டு பேரும் சமம் என்று சொல்லக் கேட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். மூன்று வருஷத்துப் பட்டப் படிப்புக்கு ஒரு மாணவன் செலவிடுகிற நேரத்தை இந்த 150 நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கலியாணமான பெண்கள் ஏன் மேற்படிப்பை முடிக்கவில்லை, ஏன் டிபார்ட்மெண்ட் பரீட்சை எழுதிப் பதவி உயர்வு வாங்கவில்லை என்பதற்கு மூளையின் எடையைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

ஆண்களுக்கு அந்த வேலை வராது, கை வாகு வராது என்று சிலர் சொல்லுகிறார்கள். வேறு ஊர்க்காரர் சொன்னால் மன்னிக்கலாம். திண்டுக்கல்காரர் இதைச் சொல்லக் கூடாது. திண்டுக்கல் பிரியாணி என்று சென்னை வரைக்கும், கடல் தாண்டியும் பேர் வாங்கிய சமையலை அண்டாவில் கிளறுகிறவர்கள் யார்? கலியாண மண்டபத்தில் ஆயிரம் பேருக்கு சாம்பாரும் பாயசமும் வைக்கிற மாஸ்டர் யார்? புரோட்டாவுக்கு மாவு பிசைந்து வீசுகிறவர் யார்? பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை மூன்று மணிக்கு டீ ஆற்றுகிறவர் யார்? துணி தைக்கிறவரும், காசுக்குத் துவைத்து இஸ்திரி போடுகிறவரும் பெரும்பாலும் யார்? இவர்கள் அனைவரும் ஆண்களே. கூலி கொடுத்தால் ஆணுக்குச் சமையல் வருகிறது. கூலியில்லை என்றால் அதுவே பெண்ணின் இயற்கைக் குணமாகிவிடுகிறது. கையும் ஒன்றுதான், கரண்டியும் ஒன்றுதான். காசு இருக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டு இயற்கை எப்படி மாறும் என்பதை, இயற்கையைப் பற்றிப் பேசுகிற பெரியவர்கள் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லப் போனால், நாள் முழுவதும் ஓட்டலில் கரண்டி பிடித்த மாஸ்டரே வீட்டுக்கு வந்ததும் பெண்ஜாதி சோறு போட்டால்தான் சாப்பிடுவார். ஆகவே அவருக்கு வராமலிருப்பது சமையல் அல்ல.

இதெல்லாம் மாதச் சம்பளக்காரர்களின் வீட்டு விஷயம், உழைக்கிற ஜனங்களுக்கு இதில் என்ன என்று எண்ண வேண்டாம். அங்கேதான் இது இன்னும் கொடுமையாக இருக்கிறது.

வேடசந்தூர், நிலக்கோட்டை வட்டாரங்களில் நூல் மில்லுகள் நிறைந்திருப்பதும், சுற்றுக் கிராமங்களுக்கு மில் பஸ்கள் போய்ப் பெண்களை ஏற்றி வருவதும் எல்லோருக்கும் தெரியும். விடியற்காலை ஷிப்டுக்குப் போகிற பெண் எத்தனை மணிக்கு எழுந்து உலை வைக்க வேண்டும்? அவள் புருஷன் கட்டட வேலைக்கோ லோடு ஏற்றவோ போகிறவர் என்றால், அவர் எழுந்திருக்கிறபோது சோறும் குழம்பும் தூக்குப் போணியில் தயாராக இருக்க வேண்டும். ஷிப்டு முடித்து வந்தால் தண்ணீர், துணி, குழந்தை, ராத்திரிச் சமையல். அமெரிக்காவில் ஆர்லி ஹோக்சைல்ட் என்ற அம்மாள் வேலைக்குப் போகிற பெண்களின் வீட்டு வேலையை "இரண்டாவது ஷிப்டு" என்று பேரிட்டு 1989-ல் ஒரு புஸ்தகமே எழுதினார். நமது மில் பெண்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. முதல் ஷிப்டுக்காவது சம்பளச் சீட்டு உண்டு.

அந்த முதல் ஷிப்டின் சம்பளமும் யாருக்காகப் போயிற்று என்று பார்க்க வேண்டும். இந்த ஜில்லாவிலும், ஈரோடு, கோயமுத்தூர், திருப்பூர் பக்கங்களிலும் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று நடந்தது. பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களை மில்லுக்குள்ளேயே விடுதியில் வைத்து மூன்று வருஷம் வேலை வாங்கி, முடிவில் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுப்பது. அந்தத் தொகை கலியாணத்திற்கு ஆகும் என்பது. சுமங்கலி என்ற பேரைப் பாருங்கள்! தாலிக்கும் சீருக்கும் வேண்டிய பணத்தைப் பெண்ணே பஞ்சு தூசியைத் தின்று சம்பாதித்துக்கொண்டு போய், ஒருவனிடம் கொடுத்து, அவனுக்கே ஆயுள் முழுவதும் சமைத்துப் போடவும் வேண்டும். 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. மாடு வாங்கினாலும் பணம் கொடுத்தவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறான். இந்த வியாபாரம் ஒன்றில்தான் பணம் கொடுத்தவளே விலைப்பட்டுப் போகிறாள். படிக்க வேண்டிய வயதில் போன அந்த மூன்று வருஷம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

சின்னாளபட்டிக்கு வருவோம். சுங்குடிச் சேலைக்கும் கைத்தறிக்கும் பேர் போன ஊர். தறி உள்ள வீட்டில் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிறவர் பேரில்தான் கூலி வரும். அவருக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறவளும், நூலைப் பிரித்து உலர்த்துகிறவளும், சேலையில் முடிச்சுப் போடுகிற வீட்டில் கண் வலிக்க முடிச்சுப் போடுகிறவளும், அவர்களோடு பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்காருகிற பெண் குழந்தையும் சேர்ந்துதான் அந்தச் சேலை முடிகிறது. ஆனால் தார் சுற்றுவது "வீட்டு வேலை"யாம். தறிக்காரர் தார் இல்லாமல் ஒரு முழம் நெய்து காட்டட்டும், நாம் ஒப்புக்கொள்கிறோம்.

நிற்க. பெற்றோரைக் காப்பாற்றும் கடமை என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி நமது வாலிபர்கள் மிகவும் உருக்கமாகப் பேசுகிறார்கள். "என் அப்பா அம்மாவை நான் பார்க்காமல் யார் பார்ப்பது?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அவர் பார்ப்பதில்லை. அவருடைய பெண்ஜாதிதான் பார்க்கிறாள். மாமனாருக்கு மருந்து கொடுப்பவளும், மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் டோக்கன் வாங்கிக் காத்திருப்பவளும் அவளே. மகன் செய்வது அவளை அந்த வேலைக்கு நியமித்ததுதான். சரி, அந்தப் பெண்ஜாதிக்கும் ஒரு அப்பா அம்மா இருக்கிறார்களே, அவர்களை யார் பார்ப்பது என்று கேட்டால் வீடு நிசப்தமாகிவிடுகிறது.

சட்டம் இந்த விஷயத்தில் நமது மாப்பிள்ளைகளைவிட வெகு தூரம் முன்னே போயிருக்கிறது. கலியாணமான மகளுக்கும் தகப்பனைக் காப்பாற்றும் பொறுப்பு உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 1987-லேயே தீர்ப்புச் சொல்லிற்று. பெற்றோர், முதியோர் பராமரிப்பு பற்றிய 2007ஆம் வருஷத்துச் சட்டத்திலும் "பிள்ளைகள்" என்றால் மகனும் மகளும்தான். சொத்து விஷயமும் அப்படியே. பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானம் போட்டபோது சிரித்தார்கள். 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் இந்தியா முழுமைக்கும் இந்துப் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை சட்டமாயிற்று. ஆகவே சொத்தும் உண்டு, கடமையும் உண்டு. ஆனால் அவள் சம்பளத்தில் ஐயாயிரம் ரூபாயைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினால் மாத்திரம் அது "ரகசியமாக அனுப்பியது" ஆகிறது. மகன் அனுப்பினால் கடமை, மகள் அனுப்பினால் திருட்டு. அவளைப் படிக்க வைக்க ஆட்டை விற்றவர் யார், நிலத்தை ஒத்திக்கு வைத்தவர் யார் என்பதை அந்தச் சமயத்தில் ஒருவரும் நினைப்பதில்லை.

இதன் வேர் எங்கே இருக்கிறதென்றால், கொள்ளி போட மகன் வேண்டும் என்ற எண்ணத்தில் இருக்கிறது. செத்த பிறகு வாயில் அரிசி போடவும், தர்ப்பணம் விட்டுக் கரை சேர்க்கவும் ஆண்பிள்ளை வேண்டும் என்று ஒருவன் எழுதி வைத்தான். அதை நம்பினவன் ஆண்பிள்ளைக்குச் செலவு செய்வதை முதலீடு என்றும், பெண்பிள்ளைக்குச் செய்வதைத் தண்டம் என்றும் நினைத்தான். உயிரோடு இருக்கிறபோது கஞ்சி ஊற்றுகிறது மகளாயிருந்தாலும், செத்த பிறகு வராத பசிக்குப் பிண்டம் வைக்க மகன்தான் வேண்டுமாம்! இந்த மூடத்தனத்தை நமது படித்த வாலிபர்கள் வாயினால் விட்டுவிட்டார்கள். வீட்டுக் கணக்கில் இன்னும் விடவில்லை.

இனி, நமது ஜில்லாவிலிருந்து இஞ்சினீயரிங் படித்து அமெரிக்கா போன தம்பதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று கிராமங்களில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. புருஷன் எச்-1பி என்னும் உத்தியோக விசாவில் போவார். அவர் மனைவி அவரைப் போலவே பி.இ. படித்தவள், சில இடங்களில் அவரைவிட அதிக மார்க்கு வாங்கினவள், எச்-4 என்னும் சார்ந்திருப்போர் விசாவில் போவாள். அந்த விசாவில் படிக்கலாம், சம்பாதிக்கக் கூடாது என்பது வெகு காலம் அந்நாட்டுச் சட்டம். 2015-ல்தான், அதுவும் புருஷனுடைய கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால், மனைவியும் வேலை செய்ய அனுமதி கேட்கலாம் என்று விதி வந்தது. மனுவோடு மனைவியைக் கட்டி வைப்பது மனுதர்ம நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல என்று தெரிகிறது.

அங்கே வேலைக்காரி கிடையாது, மாமியாரும் கிடையாது. ஆதலால் அனேக புருஷர்கள் பாத்திரம் கழுவுகிறார்கள், குழந்தைக்குத் துணி மாற்றுகிறார்கள், சனிக்கிழமைகளில் சமைக்கிறார்கள் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். குழந்தை பிறந்தால் மாத்திரம், ஆறு மாதம் பெண்ணின் தாயாரும் அடுத்த ஆறு மாதம் பிள்ளையின் தாயாரும் விமானமேறிப் போகிறார்கள். இரண்டு பேருக்குள் பங்கிட முடியாத வேலைக்கு மூன்றாவது ஒரு பெண்ணைக் கடல் தாண்டி வரவழைக்கிறார்கள். தகப்பனார்களும் கூடப் போகிறார்கள், பூங்காவில் உலாவுகிறார்கள். இது இருக்கட்டும். அமெரிக்காவில் பாத்திரம் கழுவின கை, லீவில் வந்து திண்டுக்கல் ரயிலடியில் இறங்கியதும் எப்படி மறந்து போகிறது? தாயார் முன்னால் தட்டை எடுத்துப் போட்டால் "என் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டாளே" என்று பேச்சு வருமாம். ஆகவே தெரியாமல் இல்லை, முடியாமலும் இல்லை. யாரும் பார்க்காத ஊரில் செய்யலாம், பார்க்கிற ஊரில் செய்யக் கூடாது என்பதுதான் விஷயம். திருடன் செய்கிற யோசனைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அமெரிக்கா என்றதும் இன்னொன்று ஞாபகத்திற்கு வருகிறது. ஆனந்திபாய் ஜோஷி என்ற மராட்டிய அம்மாள் 1883-ல், பதினெட்டு வயதில், புருஷர் கூட வராமல் கப்பலேறி அமெரிக்கா போய் 1886-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஊர் திரும்பி 1887-ல் 22 வயது நிரம்பாமலே காச நோயால் இறந்து போனார். ஒன்பது வயதில் தன்னைக் கலியாணம் செய்துகொண்ட புருஷர் கோபாலராவ் அவரைப் படிக்க வைத்தே தீருவதென்று நின்றவர். மற்ற வீடுகளில் சமைக்கவில்லை என்று அடிப்பார்கள். இவர் புஸ்தகத்தை விட்டுச் சமைக்கப் போனதற்காக அடித்தாராம். படிக்க வைத்த புண்ணியவான் என்று அவரைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்மைக் கேட்டால், படி என்று அடிப்பதும் படிக்காதே என்று அடிப்பதும், அடிக்கிறவன் யார் என்பதைப் பொறுத்தமட்டில் ஒன்றுதான். "நான்தான் அவளைப் படிக்க வைத்தேன்" என்று சபையில் சொல்லி நிமிருகிற நமது தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் 1912-ல் வைத்தியப் பட்டம் பெற்று, 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்துகொண்டபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி, அவர் சம்மதித்த பிறகே கழுத்தை நீட்டினார். அவர் சட்டசபைக்குப் போனதும், தேவதாசி ஒழிப்புக்குப் பாடுபட்டதும், அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-ல் வந்ததும் எல்லாம் அதற்குப் பின்னால்தான். நமது பக்கத்திலேயே காந்திகிராமம் இருக்கிறது. காந்தியாரிடத்தில் நமக்குள்ள அபிப்பிராய பேதம் வேறு விஷயம். அதை 1947-ல் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து ஏற்படுத்திய டாக்டர் சௌந்தரம் அம்மையார், சிறு வயதிலேயே விதவையானவர். மூலையில் உட்காராமல் டில்லிக்குப் போய் வைத்தியம் படித்து 1936-ல் பட்டம் பெற்று, குடும்பத்தாரின் ஆட்சேபணையைத் தள்ளிவிட்டு 1940-ல் ஜாதி வேறு, பாஷை வேறான ராமச்சந்திரனை மணந்துகொண்டார். செல்வக் குடும்பத்துப் பெண் என்பதால் முடிந்தது என்று சொல்லுவார்கள். உண்மைதான். அதனால்தான் செல்வமில்லாத பெண்ணுக்கு ஷரத்துக்கள் இன்னும் அவசியம் என்கிறோம்.

ஷரத்து என்று நாம் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. புரோகிதனும் நெருப்பும் இல்லாமல் நடக்கிற நமது கலியாணத்தை வாழ்க்கைத் துணை ஒப்பந்தம் என்று சொல்லுகிறோம். 1967-ல் தமிழ்நாட்டுச் சட்டசபையில் சட்டம் நிறைவேறி, முன் நடந்தவையும் பின் நடப்பவையும் செல்லுபடியாயின. சந்தோஷம். ஆனால் ஒப்பந்தம் என்றால் அதில் ஷரத்துக்கள் எங்கே? குத்தகைக்கு ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு எடுத்தால் நாலு பக்கம் எழுதுகிறோம். இரண்டு பேர் ஐம்பது வருஷம் வாழப் போகிற ஒப்பந்தத்தில் மாலை மாற்றினோம், தலைவர் வாழ்த்தினார், பிரியாணி போட்டோம் என்பதற்குமேல் ஒன்றும் இல்லை. மேடையில் ஒரு மணி நேரம் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டுக்குப் போய், "இந்தா, தண்ணி கொண்டா" என்று நாற்காலியில் சாய்கிற தோழர்களை நாம் அறிவோம். அவர்கள் பேரை எழுத வேண்டியதில்லை. அவரவர் வீட்டு அம்மாளுக்குத் தெரியும்.

இவர்களில் நல்லவர்கள் என்று பேர் வாங்கினவர்கள், "நான் வீட்டு வேலையில் உதவி செய்கிறேன்" என்கிறார்கள். உதவி என்றால் யாருடைய வேலைக்கு உதவி? தான் சாப்பிட்ட தட்டைத் தான் கழுவுவது எவருக்குச் செய்த உதவி? தன் குழந்தையைத் தான் குளிப்பாட்டுவதை உதவி என்று சொல்லுகிறவன், அந்தக் குழந்தை யாருடையது என்று நினைக்கிறான்?

ஒப்பந்தம் எழுதினால் நடக்குமா என்று கேட்கலாம். 2021-ல் இந்த ஜில்லாவில் ஒரு ஆடை ஆலையில் வேலை செய்த இளம் பெண் ஒருத்தி கொலையுண்டாள். அதன் பேரில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களே முன் நின்று நடத்துகிற தொழிற்சங்கம், 2022-ல் ஆலை முதலாளியோடும் வெளிநாட்டுக் கம்பெனிகளோடும் வாதாடி, பெண்கள்மீது நடக்கும் அக்கிரமங்களைத் தடுக்க ஷரத்து ஷரத்தாக ஒரு ஒப்பந்தம் எழுதி வாங்கிற்று. அதற்கு உலகம் வைத்த பேரே "திண்டுக்கல் ஒப்பந்தம்". நமது ஊர்ப் பேர் பூட்டுக்கும் பிரியாணிக்கும் மாத்திரம் அல்லாமல் இதற்கும் வெளிநாட்டில் வழங்குகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பலம் பொருந்திய முதலாளியிடத்தில் எழுதி வாங்கக்கூடிய பெண்களால், தாங்கள் கலியாணம் செய்துகொள்ளப் போகிற வாலிபனிடத்தில் எழுதி வாங்க முடியாதா?

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2022 முதல் சர்க்கார் பள்ளியில் படித்து காலேஜ் சேரும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் வந்தது. கலியாணத்திற்குக் கொடுத்த உதவியை அப்படிப் படிப்புக்கு மாற்றினார்கள். அதை நாம் மிகவும் மெச்சுகிறோம். அதே வருஷத்தில் ஆரம்பப் பள்ளியில் காலைச் சாப்பாடு துவங்கிற்று. விடியற்காலை ஷிப்டுக்குப் போகிற தாயாரின் ஒரு அடுப்பை அது அணைத்தது. 2023-ல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாயை "உரிமை" என்ற பேரிலேயே கொடுக்கத் தொடங்கினார்கள். பெண்ணின் வீட்டு வேலையும் வேலைதான் என்று ஒப்புக்கொண்டது பெரிய காரியம். தொகையை மாத்திரம் அந்த 289 நிமிஷத்தால் வகுத்தால் மணிக்கு 7 ரூபாய்கூட ஆகவில்லை. ஆனாலும் அந்த 7 ரூபாயைக்கூடக் கொடுக்காத புருஷன் அதைக் கேலி செய்ய வேண்டாம்.

பிரசவ லீவு 2017-ல் 26 வாரம் ஆயிற்று. தகப்பனுக்கு? மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தரானால் 15 நாள். மில் தொழிலாளியானால் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. ஐஸ்லாந்து என்று ஒரு சின்ன தேசம். 1975 அக்டோபர் 24-ந் தேதி அங்குள்ள பெண்களில் 100-க்கு 90 பேர், ஆபீஸ் வேலை, வீட்டு வேலை இரண்டையும் அன்று ஒரு நாள் செய்ய மாட்டோம் என்று தெருவுக்கு வந்துவிட்டார்கள். தகப்பன்மார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். சமைக்கச் சுலபமான பண்டம் கடைகளில் தீர்ந்து போயிற்று. ஐந்து வருஷத்தில், 1980-ல், அந்த நாட்டு ஜனங்கள் ஒரு பெண்ணை ஜனாதிபதியாக்கினார்கள். 2000-ல் தாய்க்கு மூன்று மாதம், தகப்பனுக்கு மூன்று மாதம், இருவருக்கும் பொதுவில் மூன்று மாதம் என்று சட்டம் செய்தார்கள். தகப்பன் தன் மூன்று மாதத்தைத் தாய்க்குத் தள்ளிவிட முடியாது என்பதுதான் அதில் சாமர்த்தியம்.

நாம் சொல்லுவது இவ்வளவுதான். இந்தத் தை மாதத்தில் திண்டுக்கல்லிலும் சுற்று ஊர்களிலும் நடக்கப் போகிற நமது கலியாணங்களில், மாலை மாற்றுவதற்கு முன் ஒரு காகிதம் வாசிக்கப்பட வேண்டும். பாக்கியுள்ள படிப்பை இருவரில் யார் எப்போது முடிப்பது, அதுவரையில் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப் போடுவது. சமையலும் துணியும் எந்தெந்த நாள் யாருடையது. இரண்டு பேர் சம்பளத்திலிருந்தும் இரண்டு பேருடைய பெற்றோருக்கும் எவ்வளவு. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் லீவு போடுவது யார். இவை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, தலைமை வகிப்பவர் உரக்க வாசிக்கட்டும். வாசிக்க வெட்கப்படுகிற மாப்பிள்ளை யாராவது இருந்தால், எந்த ஷரத்துக்கு வெட்கப்படுகிறார் என்று அங்கேயே, பெண் முன்னிலையில், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மாலையும் இன்னும் வாடியிராது.